புளியங்கொட்டையும் புற்றுநோய் மருந்தும்

1. திண்ணையில் ஒரு பேச்சு

மாசி மாதம். புளி உலுக்கும் காலம். நாகர்கோவில் பக்கத்தில் ஒரு கிராமம். திண்ணையில் ஓர் அம்மா உட்கார்ந்திருந்தார். அவருக்கு முன்னால் ஒரு குவியல் புளி. ஓட்டை உடைப்பார். நாரை உரிப்பார். கொட்டையைத் தட்டி எடுப்பார். 20 வருடமாக இதுதான் அவருடைய வேலை.

அவர் தலையில் துணி கட்டியிருந்தார். துணிக்கு அடியில் முடி இல்லை.

அவருக்கு மார்பில் புற்றுநோய். திருவனந்தபுரத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் மருத்துவம் பார்க்கிறார். இரண்டு முறை மருந்து ஏற்றியாகிவிட்டது. மூன்றாவது முறை வரும் திங்கட்கிழமை.

சனிக்கிழமை சாயங்காலம் தங்கை மகள் வந்தாள். அவள் திருவனந்தபுரத்தில் நர்ஸ் வேலை பார்க்கிறாள். திண்ணையில் ஒரு தகர டப்பா இருந்தது. அதைத் திறந்து பார்த்தாள். உள்ளே பழுப்பு நிறத்தில் ஒரு பொடி.

"இது என்ன பெரியம்மா?"

"புளியங்கொட்டைப் பொடி மக்களே. வறுத்து, தோல் நீக்கி, இடிச்சு வச்சிருக்கேன்."

"எதுக்கு?"

"கேன்சருக்கு. புளியங்கொட்டையில மருந்து இருக்குன்னு திருவனந்தபுரத்திலேயே கண்டுபிடிச்சிருக்காங்களாம். பக்கத்து வீட்டு அக்கா சொன்னா. இனிமே அந்தச் செவப்பு மருந்து எனக்கு வேண்டாம். வாந்தி, வாய்ப்புண், முடியும் போச்சு. திங்கக்கிழமை நான் போகல."

மகள் கோபப்படவில்லை. சிரிக்கவும் இல்லை. பெரியம்மா பக்கத்தில் உட்கார்ந்தாள். தானும் ஒரு பிடி புளியை எடுத்துக் கொட்டை நீக்கத் தொடங்கினாள்.

"அக்கா சொன்னதில பாதி உண்மை இருக்கு பெரியம்மா. மீதிப் பாதியும் தெரியணும். தெரியாமப் போனா உயிருக்கே ஆபத்து. முழுசா சொல்றேன். கேட்டுட்டு நீங்களே முடிவு பண்ணுங்க."

அவள் சொன்னதை நாமும் படிப்போம்.

2. புற்றுநோய் என்றால் என்ன?

வீடு செங்கற்களால் ஆனது. நம் உடல் செல்களால் ஆனது. செல் என்பது உடலின் மிகச் சிறிய பகுதி. கண்ணுக்குத் தெரியாது. நுண்ணோக்கி என்ற கருவியில் பார்த்தால் தெரியும்.

ஒரு செல் இரண்டாகப் பிரியும். இரண்டு நான்காகும். இப்படித்தான் குழந்தை வளர்கிறது. புண் ஆறுகிறது. தேவை முடிந்ததும் செல்கள் பிரிவதை நிறுத்திக்கொள்ளும். பழைய செல்கள் இறந்து போகும்.

சில செல்கள் இந்த ஒழுங்கை மீறிவிடும். நிறுத்தாமல் பிரிந்துகொண்டே போகும். கட்டியாகும். பக்கத்து இடங்களுக்குள் நுழையும். ரத்தத்தின் வழியாக வேறு உறுப்புகளுக்கும் போகும். இதுதான் புற்றுநோய். கேன்சர் என்றும் சொல்கிறோம்.

இது ஒட்டுவாரொட்டி நோய் இல்லை. நோயாளியைத் தொட்டால் வராது. சேர்ந்து சாப்பிட்டால் வராது. இது சாபமும் இல்லை.

3. முடி ஏன் கொட்டுகிறது?

புற்றுநோய்க்கு மூன்று முக்கிய மருத்துவ முறைகள் உண்டு. ஒன்று, அறுவைச் சிகிச்சை. இரண்டு, கதிர்வீச்சு. மூன்று, மருந்து. ரத்தக் குழாய் வழியாக ஏற்றும் மருந்தைக் கீமோ என்று சொல்வார்கள்.

கீமோ மருந்து என்ன செய்கிறது? வேகமாகப் பிரியும் செல்களைக் கொல்கிறது. புற்றுச் செல்கள் வேகமாகப் பிரிகின்றன. அதனால் அவை சாகின்றன.

ஆனால் உடலில் வேகமாகப் பிரியும் நல்ல செல்களும் உண்டு. முடியின் வேரில் உண்டு. வாயின் உள்பக்கம் உண்டு. குடலில் உண்டு. ரத்தம் ஊறும் எலும்பு மஜ்ஜையில் உண்டு. மருந்து அவற்றையும் தாக்கும். முடி கொட்டுவது இதனால்தான். வாய்ப்புண் வருவதும் இதனால்தான்.

வயலில் களைக்கொல்லி அடிப்பதை நினைத்துப் பாருங்கள். களை சாகும். காற்று அடித்தால் பக்கத்துப் பயிரும் கருகும். கையால் களை எடுத்தால் களை மட்டும் வரும். கீமோ மருந்து, களைக்கொல்லி அடிப்பது போன்றது.

பெரியம்மா சொன்ன சிவப்பு மருந்தின் பெயர் டாக்சோரூபிசின். பார்க்கச் சிவப்பாக இருக்கும். ஏற்றிய பிறகு ஓரிரு நாள் சிறுநீரும் சிவந்து போகலாம். அது ரத்தம் இல்லை, மருந்தின் நிறம்தான். பல வகைப் புற்றுநோய்களுக்கு இது நல்ல மருந்து. ஆனால் அளவு கூடினால் இதயத்தைப் பலவீனமாக்கும். அதனால்தான் டாக்டர்கள் இதயத்தைச் சோதித்துப் பார்த்துக் கொடுக்கிறார்கள். மொத்தம் எவ்வளவு ஏற்றியிருக்கிறார்கள் என்று கணக்கும் வைக்கிறார்கள்.

"அப்போ இந்த மருந்து கட்டிக்கு மட்டும் போற மாதிரி செய்யக் கூடாதா மக்களே?"

"நீங்க கேட்ட கேள்வியைத்தான் பெரியம்மா, உலகம் முழுக்க விஞ்ஞானிகளும் கேட்டாங்க."

4. நானோ என்றால் எவ்வளவு சிறியது?

மருந்தை அப்படியே ரத்தத்தில் விட்டால் உடல் முழுவதும் பரவும். அதை ஒரு கூடையில் வைத்து அனுப்பினால் என்ன? கூடை கட்டிக்குப் போய்ச் சேர்ந்த பிறகு மருந்தை வெளியே விட்டால் என்ன? விஞ்ஞானிகள் இப்படி யோசித்தார்கள்.

கூடை மிகச் சிறியதாக இருக்க வேண்டும். நுண்ணிய ரத்தக் குழாயிலும் அடைக்காமல் போக வேண்டும். அப்படிப்பட்ட கூடைக்கு நானோ துகள் என்று பெயர்.

துணிக்கடையில் மீட்டர் என்று அளக்கிறோம். ஸ்கேலில் மிகச் சிறிய கோடு மில்லிமீட்டர். ஒரு மில்லிமீட்டரை 10 லட்சம் பாகமாகப் பிரித்தால் ஒரு பாகம்தான் நானோமீட்டர்.

ஒரு தலைமுடியின் கனம் சுமார் 80,000 நானோமீட்டர். ரத்தத்தில் உள்ள ஒரு சிவப்பு அணுவின் அகலம் சுமார் 7,000 நானோமீட்டர். மருந்து சுமக்கும் துகள் பெரும்பாலும் 100 நானோமீட்டர் அளவில் இருக்கும். ஒரு முடியின் குறுக்கே இத்தகைய துகள்களை வரிசையாக வைத்தால் 800 துகள் நிற்கும்.

5. கூடை கட்டிக்கு எப்படிப் போகிறது?

கூடைக்குக் கண் இல்லை. கால் இல்லை. ரத்தம் போகும் இடமெல்லாம் அதுவும் போகும். பிறகு கட்டியில் மட்டும் எப்படி இறங்குகிறது?

நல்ல உறுப்புகளில் ரத்தக் குழாயின் சுவர் நெருக்கமாக இருக்கும். கட்டி அவசரமாக வளர்கிறது. அதற்கு ரத்தம் கொண்டு வரும் குழாயும் அவசரமாக வளர்கிறது. அதனால் சுவரில் இடைவெளி விழுகிறது. நல்ல பாயில் நெல் ஒழுகாது. பின்னல் விட்ட பாயில் நெல் ஒழுகும். அதுபோலத் துகள்கள் கட்டிக்குள் ஒழுகுகின்றன. கட்டியில் கழிவுநீர் வடியும் வழியும் சரியாக இருப்பதில்லை. உள்ளே போன துகள் அங்கேயே தங்குகிறது.

இதை 1986ஆம் ஆண்டில் ஜப்பான் நாட்டு விஞ்ஞானிகள் இருவர் எழுதினார்கள். மட்சுமுரா, மயேதா என்பது அவர்கள் பெயர்கள். எலிகளின் கட்டிகளில் அவர்கள் இதைக் கண்டார்கள்.

இன்னொரு வழியும் உண்டு. கூடையின் மேல் ஒரு விலாசம் ஒட்டுவது. கர்ப்பிணிப் பெண்களுக்கு ஃபோலிக் அமில மாத்திரை கொடுப்பார்கள் அல்லவா? அது ஒரு வைட்டமின். சில புற்றுச் செல்களுக்கு இந்த வைட்டமின் அதிகம் தேவைப்படுகிறது. அதைப் பிடித்து இழுக்கும் கொக்கிகள் அந்தச் செல்லின் மேல் நிறைய இருக்கும். துகளின் மேல் ஃபோலிக் அமிலத்தை ஒட்டி அனுப்பினால் அந்தக் கொக்கியில் மாட்டும்.

6. செல்லுக்குள் நுழைவது எப்படி?

செல்லைச் சுற்றி மெல்லிய சவ்வு ஒன்று இருக்கிறது. துகள் அதன் மேல் வந்து ஒட்டும். ஒட்டிய இடத்தில் சவ்வு உள்பக்கமாகக் குழியும். குழி ஆழமாகும். சுருக்குப் பை போல வாயை மூடிக்கொள்ளும். துகள் இப்போது செல்லுக்குள் வந்துவிட்டது. இரை என்று நினைத்துச் செல்லே அதை விழுங்கிவிட்டது.

அந்தப் பைக்குள் புளிப்பு கூடிக்கொண்டே போகும். உள்ளே வந்ததைச் செரிக்கச் செல் செய்யும் ஏற்பாடு அது. சில கூடைகளை விஞ்ஞானிகள் இந்தப் புளிப்பில் திறக்கும்படி செய்கிறார்கள். கூடை திறக்கும். மருந்து வெளியே வரும். டாக்சோரூபிசின் என்றால் செல்லின் நடுப்பகுதிக்குப் போகும். அங்கே செல் இரண்டாகப் பிரிவதற்கான குறிப்பு இருக்கிறது. அந்தக் குறிப்பின் நடுவே மருந்து ஆப்பு போலச் செருகிக்கொள்ளும். செல்லால் பிரிய முடியாது. செத்துப் போகும்.

7. இன்று கிடைக்கும் நானோ மருந்துகள்

இது வெறும் கனவு இல்லை. சில நானோ மருந்துகள் ஆஸ்பத்திரிகளில் பல வருடமாக உள்ளன.

முதலாவது, கொழுப்புக் குமிழி. கொழுப்பால் ஆன சின்னக் குமிழிக்குள் டாக்சோரூபிசினை அடைத்தார்கள். அமெரிக்க அரசு 1995ஆம் ஆண்டில் இதற்கு அனுமதி கொடுத்தது. சாதாரண டாக்சோரூபிசினைவிட இது இதயத்துக்குக் குறைந்த தீங்கு செய்கிறது. ஆனால் சிலருக்கு உள்ளங்கையும் உள்ளங்காலும் சிவந்து தோல் உரிகிறது. கூடையில் போனாலும் பக்க விளைவு முழுதும் போய்விடுவதில்லை.

இந்த மருந்தை இந்தியாவிலும் தயாரிக்கிறார்கள். 2012ஆம் ஆண்டில் அமெரிக்காவில் இதற்குத் தட்டுப்பாடு வந்தது. அப்போது அமெரிக்கா இந்தியாவின் சன் பார்மா கம்பெனி தயாரித்த மருந்தை இறக்குமதி செய்தது.

இரண்டாவது, புரதக் கூடை. பாக்லிடாக்சல் என்று ஒரு மருந்து உண்டு. முதலில் ஒரு மரத்தின் பட்டையில் கண்டுபிடிக்கப்பட்டது. அது தண்ணீரில் கரையாது. ஆமணக்கு எண்ணெயில் இருந்து செய்த ஒரு திரவத்தில் கலந்து ஏற்றினார்கள். அந்தத் திரவம் சிலருக்கு ஒத்துக்கொள்ளவில்லை. மூச்சுத் திணறல் வந்தது. பிறகு அல்புமின் என்ற புரதத்தோடு சேர்த்தார்கள். அல்புமின் நம் ரத்தத்திலேயே இருக்கிறது. 130 நானோமீட்டர் அளவுள்ள துகளாகச் செய்தார்கள். மார்பகப் புற்றுநோய்க்கு 2005ஆம் ஆண்டில் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அந்தப் பழைய திரவம் இதற்குத் தேவையில்லை.

இவை எல்லா நோயாளிக்கும் தேவைப்படுவதில்லை. எந்த வகைப் புற்று, எந்த நிலை, இதயம் எப்படி இருக்கிறது என்று பார்த்து டாக்டர்தான் சொல்ல வேண்டும். விலையும் அதிகம்.

8. திருவனந்தபுரத்தில் என்ன செய்தார்கள்?

திருவனந்தபுரம் மெடிக்கல் காலேஜ் வளாகத்தில் மண்டலப் புற்றுநோய் மையம் இருக்கிறது. ஆர்.சி.சி. என்று மக்கள் சொல்வார்கள். 1981ஆம் ஆண்டில் தொடங்கியது. கேரளத்தவர் மட்டும் அல்ல, கன்னியாகுமரி, திருநெல்வேலிப் பக்கத்து நோயாளிகளும் அங்கே போகிறார்கள். அங்கே நோய் பார்ப்பதோடு ஆராய்ச்சியும் நடக்கிறது.

அங்கே விஞ்ஞானி டி.டி. ஸ்ரீலேகாவும் உடன் உழைத்தவர்களும் புளியங்கொட்டையை எடுத்துக்கொண்டார்கள்.

ஏன் புளியங்கொட்டை? நீங்கள் அறிந்த பொருள்தானே? தோலை நீக்கினால் உள்ளே வெள்ளைப் பருப்பு. அதை அரைத்து வெந்நீரில் கரைத்தால் பசை போல ஆகும். நூலுக்குக் கஞ்சி போட இதைப் பயன்படுத்துகிறார்கள். அந்தப் பசையில் ஒரு சர்க்கரைச் சங்கிலி இருக்கிறது. சாப்பிடும் சர்க்கரை போல இனிக்காது. பல சின்னச் சர்க்கரைகள் கிளை கிளையாகக் கோத்த நீண்ட சங்கிலி அது.

விஞ்ஞானிகள் அந்தச் சங்கிலியைப் பிரித்து எடுத்துச் சுத்தம் செய்தார்கள். அதற்குப் பி.எஸ்.டி. 001 என்று பெயர் வைத்தார்கள். எலிகளிடம் சோதித்தபோது அது கட்டியின் வளர்ச்சியைக் குறைத்தது. 2012ஆம் ஆண்டில் இந்த முடிவை வெளியிட்டார்கள்.

பிறகு அதே சங்கிலியைக் கூடை ஆக்கினார்கள். டாக்சோரூபிசினை அதோடு இணைத்து நானோ துகள் செய்தார்கள். ஆம், பெரியம்மா சொன்ன அதே சிவப்பு மருந்துதான். கண்ணாடிக் கிண்ணத்தில் வளர்த்த புற்றுச் செல்களில் சோதித்தார்கள். புற்று உள்ள எலிகளிலும் சோதித்தார்கள். கூடையில் போன மருந்து, தனியாகப் போன மருந்தைவிட நன்றாக வேலை செய்தது. எலிகளின் உடலுக்குத் தீங்கும் குறைவாக இருந்தது. இது 2014ஆம் ஆண்டில் வெளிவந்தது.

தங்கத்தையும் அவர்கள் விடவில்லை. தங்க உப்பைக் கரைத்த நீரில் புளியங்கொட்டைச் சர்க்கரையைச் சேர்த்தால் நானோ தங்கத் துகள்கள் உண்டாகின்றன. அந்தத் துகள் நகையைப் போல மஞ்சளாக இருக்காது. நானோ அளவில் தங்கம் சிவப்பாகத் தெரியும்.

அதே ஊரில் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிறுவனமும் இருக்கிறது. அங்கே மஞ்சளை ஆராய்ந்தார்கள். மஞ்சளில் உள்ள குர்க்குமின் தண்ணீரில் கரையாது. அதை அல்புமினோடு இணைத்தார்கள். கட்டியை அறுத்து எடுத்த இடத்தில் வைக்கும் மெல்லிய வில்லையாகச் செய்தார்கள்.

"பாத்தியா மக்களே! அப்போ அக்கா சொன்னது நிஜம்தானே?"

"அந்தப் பாதி நிஜம்தான் பெரியம்மா. இப்போ மீதிப் பாதியைக் கேளுங்க."

9. எலி வேறு, மனிதர் வேறு

ஒரு மருந்து கிண்ணத்தில் உள்ள செல்லைக் கொன்றால் போதாது. எலியைக் குணப்படுத்தினாலும் போதாது. எலியின் கட்டி சில நாளில் வளர்கிறது. மனிதரின் கட்டி பல மாதம், பல வருடமாக வளர்கிறது. எலியின் கட்டியில் ரத்தக் குழாய் அதிகம் ஒழுகும். மனிதரின் கட்டியில் ஓரிடத்தில் ஒழுகும். இன்னோர் இடத்தில் ஒழுகாது.

கல்லீரலும் மண்ணீரலும் ரத்தத்தைச் சுத்தம் செய்கின்றன. நானோ துகள்களைக் கண்டால் குப்பை என்று பிடித்துக்கொள்ளும். கனடா நாட்டில் டொரோன்டோ பல்கலைக்கழகத்தில் ஒரு கணக்கு எடுத்தார்கள். முந்தைய 10 ஆண்டுகளில் வந்த விலங்கு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். 1,000 பங்கு துகளை ஏற்றினால் கட்டிக்குப் போய்ச் சேர்ந்தது சுமார் 7 பங்குதான். இது 2016ஆம் ஆண்டில் வெளிவந்தது. விஞ்ஞானிகளே தங்கள் வேலையை இப்படி அளந்து பார்த்தார்கள். குறையைச் சொன்னால்தான் அடுத்த கூடையை நன்றாகப் பின்ன முடியும்.

மனிதருக்குக் கொடுக்கும் முன் பல படிகள் உண்டு. முதலில் சிலருக்குக் கொடுத்து, தீங்கு இல்லாத அளவைப் பார்ப்பார்கள். பிறகு நோய் குறைகிறதா என்று பார்ப்பார்கள். பிறகு பலருக்குக் கொடுத்து, பழைய மருந்தோடு ஒப்பிடுவார்கள். நோயாளியின் சம்மதம் வேண்டும். அதன் பிறகுதான் அரசு அனுமதிக்கும். பல மருந்துகள் நடுவழியிலேயே நின்றுவிடும்.

புளியங்கொட்டைத் துகள் இந்தப் படிகளை எல்லாம் ஏறி முடிக்கவில்லை. அது இன்னும் ஆராய்ச்சிதான். கடையில் கிடைக்கும் மருந்து அல்ல.

10. பொடி ஏன் மருந்து ஆகாது?

டப்பாவில் இருந்த பொடியை மகள் காட்டினாள்.

"இதில சர்க்கரைச் சங்கிலி இருக்கு. ஆனா கூடை எங்கே? மருந்து எங்கே?"

ஆராய்ச்சியில் கொட்டையைப் பொடித்து ஊட்டவில்லை. அதில் ஒரு பொருளைத் தனியே பிரித்தார்கள். அதோடு டாக்சோரூபிசினைச் சேர்த்தார்கள். நானோ அளவுக்குக் கொண்டு வந்தார்கள். அளந்து கொடுத்தார்கள்.

பொடியைத் தின்றால் அது வயிற்றுக்குப் போகும். நம் வயிற்றால் அந்தச் சங்கிலியைச் செரிக்க முடியாது. குடலில் நாராகப் போய்விடும். கட்டி இருக்கும் இடத்துக்குப் போகாது.

வறுத்த புளியங்கொட்டையைத் தின்பது பழைய பழக்கம். அதில் தப்பு இல்லை. ஆனால் அதை நம்பி மருத்துவத்தை நிறுத்துவதுதான் ஆபத்து.

கீமோ மருந்தை மூன்று வாரத்துக்கு ஒருமுறை, அல்லது டாக்டர் சொன்ன கணக்கில் ஏற்றுகிறார்கள். நடுவில் உள்ள நாட்களில் நல்ல செல்கள் தேறிக்கொள்ளும். அடுத்த முறை தவறினால் மிச்சம் உள்ள புற்றுச் செல்களும் தேறிக்கொள்ளும். மறுபடி பெருகும். பாதியில் விட்ட களை எடுப்பு போல ஆகிவிடும்.

"முடி, பெரியம்மா, மருத்துவம் முடிஞ்சதும் திரும்ப வளரும். வாந்திக்கு நல்ல மாத்திரை இருக்கு. வாய்ப்புண்ணுக்கும் மருந்து இருக்கு. நீங்க ஆஸ்பத்திரியில சொன்னீங்களா?"

பெரியம்மா சற்று நேரம் பேசவில்லை.

"இல்ல மக்களே. டாக்டர் அவசரத்தில இருந்தாரு. எனக்குக் கேக்கக் கூச்சமா இருந்தது. அங்க மலையாளம் வேற."

"கூச்சம் வேண்டாம். கேள்வியை எழுதிக்கிட்டுப் போங்க. நான் கூட வரேன்."

11. பெரியம்மா எழுதிய கேள்விகள்

பெரியம்மா போன வருடம்தான் எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டார். நோட்டை எடுத்து வந்தார். விளக்கு வெளிச்சத்தில் மெதுவாக எழுதினார். சில எழுத்துகள் கோணலாக வந்தன. அவற்றை அடித்துவிட்டுத் திரும்ப எழுதினார்.

1. எனக்கு ஏற்றும் மருந்துகளின் பெயர் என்ன?

2. இன்னும் எத்தனை முறை ஏற்ற வேண்டும்?

3. என் இதயம் நன்றாக இருக்கிறதா?

4. வாந்திக்கும் வாய்ப்புண்ணுக்கும் என்ன செய்வது?

5. நானோ மருந்து என் நோய்க்கு உண்டா? அதற்கு எவ்வளவு செலவு? அரசு உதவி கிடைக்குமா?

மகள் படித்துப் பார்த்தாள். அடியில் ஒரு வரி சேர்க்கச் சொன்னாள். மருந்து ஏற்றிய நாட்களில் ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் குறையும். அப்போது காய்ச்சல் வந்தால் வீட்டில் இருக்கக் கூடாது. உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். இரவாக இருந்தாலும் போக வேண்டும். ஆகவே ஆறாவது கேள்வி இது.

6. காய்ச்சல் வந்தால் எந்த நம்பருக்குப் போன் செய்வது?

திங்கட்கிழமை அதிகாலை இருவரும் நாகர்கோவிலில் ரயில் ஏறினார்கள். பெரியம்மா மடியில் ஒரு பை. அதில் பழைய சீட்டுகள், சாப்பாடு, தண்ணீர், நோட்டு. தகர டப்பா வீட்டில் இருந்தது.

டாக்டர் வந்ததும் பெரியம்மா நோட்டைத் திறந்தார். முதல் கேள்வியைத் தானே வாசித்தார்.

12. முன்னதாகக் கண்டால் பிழைக்கலாம்

நானோ மருந்துகள் இன்னும் நிறைய வரும். அதுவரை நம் கையில் ஒரு பலம் இருக்கிறது. நோயை முன்னதாகக் கண்டுபிடிப்பது.

திருவனந்தபுரம் மாவட்டத்தில் 1996ஆம் ஆண்டில் ஒரு பெரிய ஆய்வு தொடங்கியது. பயிற்சி பெற்ற ஊழியர்கள் வீடு வீடாகப் போனார்கள். வெளிச்சம் காட்டி மக்களின் வாயைப் பார்த்தார்கள். வெள்ளைத் திட்டு, ஆறாத புண் இருந்தால் டாக்டரிடம் அனுப்பினார்கள். 2005ஆம் ஆண்டில் முடிவு வெளிவந்தது. புகையிலையோ மதுவோ பழகியவர்களில், வாய்ப் புற்றுநோயால் இறப்பது சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. ஊசி இல்லை. மருந்து இல்லை. வாயைத் திறந்து பார்த்ததுதான்.

கீழே உள்ளவை இருந்தால் டாக்டரிடம் காட்டுங்கள்:

மார்பில் வலி இல்லாத கட்டி.

வாயில் மூன்று வாரம் ஆகியும் ஆறாத புண்.

மாதவிலக்கு நின்ற பிறகு ரத்தப் போக்கு.

சளியில் ரத்தம்.

காரணம் இல்லாமல் உடல் மெலிதல்.

இவை எல்லாம் புற்றுநோய்தான் என்று பயப்பட வேண்டாம். ஆனால் காட்டாமல் இருக்க வேண்டாம்.

நினைவில் கொள்வோம்

கீமோ மருந்து புற்றுச் செல்லோடு நல்ல செல்லையும் தாக்கும்.

நானோ துகள், மருந்தைச் சுமந்து கட்டிக்குக் கொண்டு போகும் கூடை.

திருவனந்தபுரத்தில் புளியங்கொட்டையில் இருந்து அத்தகைய கூடை செய்தார்கள். அது எலிகளில் நல்ல பலன் தந்தது. மனிதருக்கு மருந்தாக இன்னும் வரவில்லை.

டாக்டரைக் கேட்காமல் மருத்துவத்தை நிறுத்தக் கூடாது.

புதிய சொற்கள்

செல்: உடலின் மிகச் சிறிய பகுதி.

நானோமீட்டர்: ஒரு மில்லிமீட்டரில் 10 லட்சத்தில் ஒரு பங்கு.

கீமோ: புற்றுச் செல்லைக் கொல்லும் மருந்து.

பக்க விளைவு: மருந்தால் வரும் வேண்டாத விளைவு.

பதில் சொல்லுங்கள்

1. கீமோ மருந்து ஏற்றினால் முடி ஏன் கொட்டுகிறது?

2. கட்டியின் ரத்தக் குழாய்க்கும் நல்ல ரத்தக் குழாய்க்கும் என்ன வேறுபாடு?

3. துகளைச் செல் எப்படி விழுங்குகிறது?

4. புளியங்கொட்டைப் பொடியைத் தின்றால் ஏன் புற்றுநோய் குணமாகாது?

கூடிப் பேசுங்கள்

உங்கள் ஊரில் புற்றுநோய்க்கு என்னென்ன கைவைத்தியம் சொல்கிறார்கள்? அதை நம்பி யாராவது ஆஸ்பத்திரிக்குப் போவதை நிறுத்தியது உண்டா? அவர்களிடம் நீங்கள் என்ன சொல்வீர்கள்?

எழுதிப் பாருங்கள்

அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது நீங்கள் கேட்க வேண்டிய மூன்று கேள்விகளை எழுதுங்கள்.